விட்டுவிட்டு வந்தவள்

"நவோமியை மேலே விட்டுட்டா வந்தே?"

டாரெல் கேட்டதும் பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கெல்சி பனியில் வெறும் சாக்ஸோடு நின்றிருந்தாள். கல்லூரி விடுதியின் மூன்றாவது மாடி ஜன்னல்களிலிருந்து புகை கரும்பழுப்பாக வந்துகொண்டிருந்தது. பொதுச் சமையலறையில் யாரோ அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மணி அடித்தபோது பாதிப் பேர், "எவனோ மறுபடியும் பாப்கார்னைக் கருக்கிட்டான்" என்று சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

நவோமியும் கெல்சியும் நாலாவது மாடியில் ஒரே அறை. நவோமிக்குச் சக்கர நாற்காலி. தீ மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும்.

"உன்னைத்தான் கேட்கிறேன் கெல்சி. அவ எங்கே?"

"கிழக்குப் படிக்கட்டு. நாலாவது மாடித் திருப்பத்துல. கதவைச் சாத்திட்டுத்தான் வந்தேன்."

"சாத்திட்டு வந்தியா?"

"சாத்தினாத்தான் புகை உள்ளே வராது. அது அதுக்குன்னே கட்டின இடம். அங்கேதான் காத்திருக்கணும்னு முதல் வாரமே சொல்லிக் கொடுத்தாங்க. நீ வரலையா?"

"நான் வரலை. ஆனா வந்திருந்தாலும் ஒருத்தியைத் தனியா விட்டுட்டு ஓடி வந்திருக்க மாட்டேன்."

அவன் வாசலை நோக்கி நடந்தான். கெல்சி பாய்ந்து அவன் கோட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"போகாதே. புகையில நீ விழுந்தா அவங்க உன்னையும் தேடணும். அவளுக்குத்தான் நேரம் ஆகும்."

"விடு."

"விட மாட்டேன்."

நிஜமாகவே விடவில்லை. கோட்டின் தையல் பிரிகிற சத்தம் கேட்டது. விடுதிக் காவலரும் ஓடிவந்து குறுக்கே நின்றதால் டாரெல் பின்வாங்கினான்.

அதன்பிறகு கெல்சி செய்ததுதான் எல்லோருக்கும் விசித்திரமாக இருந்தது. கட்டடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பார்க்கக்கூட மனசில்லை பாரு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. கெல்சியின் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள்.

டாரெலுக்குப் பொறுக்கவில்லை. "சரி, ஏன் வந்தே? அதையாவது சொல்லு."

"அவதான் போகச் சொன்னா."

"அவ சொன்னா வந்துடுவியா?"

கெல்சி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தீயணைப்பு வண்டி விடுதிப் பக்கம் திரும்பியதுமே ஓடினாள். வழுக்கி விழுந்து, எழுந்து, முன்னால் இறங்கிய அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிழக்குப் படிக்கட்டு, நாலாவது மாடி, நவோமின்னு பேரு, நடக்க முடியாது" என்று மூச்சு வாங்க அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் தலையாட்டினார். அவள் தோளைத் தட்டி ஓரமாக நிற்கச் சொன்னார்.

டாரெலின் பார்வை மட்டும் வேறு பக்கம் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே வண்டியின் பின்பக்கத்திலிருந்து இரண்டு வீரர்கள் குதித்து, யாரையும் எதுவும் கேட்காமல், நேராகக் கிழக்கு வாசலுக்குள் போயிருந்தார்கள். அது எப்படி?

கொஞ்ச நேரத்தில் நவோமியைத் தூக்கிவந்து ஆம்புலன்ஸ் படியில் உட்கார வைத்து, போர்வை போர்த்தினார்கள். முகத்தில் கரி. இருமல். ஆனால் கண்கள் தெளிவாக இருந்தன.

கெல்சி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நவோமி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"சரிடி, சரிடி. நீ போய்ச் சொன்னதாலதான் வந்தாங்க. இல்லேன்னா நான் அங்கேயே கிடந்திருப்பேன்."

சுற்றி நின்றவர்களின் முகம் மாறியது. கெல்சியைத் திட்டியவள் தன் காலணியைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.

கெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு டாரெலிடம் கை நீட்டினாள். "உன் போனைக் கொடு. இவ அம்மாகிட்ட சொல்லணும். என்னோடதை ரூம்லயே விட்டுட்டேன். இவளோடது சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு."

போனை வாங்கிக்கொண்டு சத்தம் இல்லாத இடம் தேடி நடந்தாள்.

ஆம்புலன்ஸ் படியில் நவோமியும் டாரெலும் மட்டும். அவன் குனிந்து கேட்டான்:

"ஒரு சந்தேகம். கெல்சி சொல்றதுக்கு முன்னாடியே அவங்க உள்ளே போயிட்டாங்க. நான் பார்த்தேன்."

நவோமி கெல்சி போன திசையைப் பார்த்தாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து தன் போனை எடுத்தாள். திரை பளிச்சென்று எரிந்தது. சத்தத்தை அணைத்து மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள்.

"போக மாட்டேன்னு என் பக்கத்துல படியிலேயே உட்கார்ந்துட்டா, டாரெல். கதவுக்கு அடியில புகை கசிய ஆரம்பிச்சுது. கெஞ்சினேன், திட்டினேன், அசையலை. அப்புறம்தான் 'என் போன் செத்துப்போச்சு, நீ இறங்கிப் போய்ச் சொன்னாத்தான் நான் பிழைப்பேன்'னு சொன்னேன். அடுத்த நொடி ஓடிட்டா."

"நீ?"

"அவ காலடிச் சத்தம் அடங்கினதும் நானே தீயணைப்புக்காரங்களைக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லிட்டேன்."

தூரத்தில் கெல்சி போனில் பேசியபடியே திரும்பி, இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். நவோமியும் கையசைத்தாள்.

"அவகிட்ட சொல்லிடாதே. தோழியை விட்டுட்டு வந்துட்டோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. காப்பாத்தத்தான் வந்தோம்னே இருக்கட்டும்."