திருக்கல்யாணத்துக்கு ஒரு ஜோடி

“நீங்க ஒக்காருங்க ரோகினி. ராத்திரி ஷிப்டு பாத்துட்டு வந்திருக்கீங்க. தேத்தண்ணி நான் கலக்கறேன்.”

புவனேஸ்வரன் அடுப்படிக்குள் போனான். கோயில் தலைவர் ஆறுமுகத்தால் தன் காதையே நம்ப முடியவில்லை. செனாவாங் பக்கத்து இந்தத் தோட்டக் குடியிருப்பில், பெண்டாட்டியை ‘நீங்க’ என்று கூப்பிடும் ஆளை அவர் பார்த்ததே இல்லை. அவரை அன்று காலையில்தான் மனைவி செல்லம்மா, இறால் வாங்கி வந்த குற்றத்துக்காக, வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போகும் அளவுக்கு ஏசியிருந்தாள்.

“வெலவாசி ஏறுனதுலேருந்து வீட்டுக்கு வீடு சண்டைதான்,” என்றார். “முட்டைக்குச் சண்டை, எண்ணெய்க்குச் சண்டை. ஒங்க வீட்டுல மட்டும் சத்தமே இல்ல. முன்னால நீங்க போட்ட சண்டையில தட்டு ரோட்டுக்கு வருமே. எப்படிலா மாறுனீங்க?”

“பேச்சக் கொறச்சிட்டோம் அண்ணே,” என்றாள் ரோகினி.

“அதான் கமிட்டியில முடிவு பண்ணிட்டோம். இந்த வருஷம் அம்மன் திருக்கல்யாணத்துக்கு நீங்க ரெண்டு பேரும்தான் தம்பதியா மணையில ஒக்காரணும்.”

கோப்பைகளோடு வந்த புவனேஸ்வரன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். ரோகினியைப் பார்த்தான்.

“வேற யாரயாச்சும் பாருங்க தலைவரே.”

“யாரப் பாக்கறது? மத்த ஜோடிங்கள ஒக்கார வெச்சா, ஐயர் மந்திரம் முடிக்கறதுக்குள்ள அடிச்சுக்குவாங்கலா. போன வருஷம் நானும் செல்லம்மாவும் ஒக்காந்து, மாலை மாத்தறப்ப நடந்தது தெரியும்தானே?”

தெரியும். தோட்டமே அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தது.

“முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. அம்மனுக்குச் செய்யற காரியம்.”

ரோகினி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அதனாலதான் அண்ணே பொய் சொல்ல மனசு வரல. சிரம்பான் கோர்ட்டுல எங்களுக்கு டிவோர்ஸ் ஆயி ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த வெலவாசியில ரெண்டு வீட்டுக்கு வாடகை கட்ட முடியுமா? அதான் ஆளுக்கொரு ரூமுல இருக்கோம். வெளிய சொல்லிராதீங்க.”

ஆறுமுகம் புவனேஸ்வரன் கையிலிருந்து ஒரு கோப்பையை வாங்கினார். தேத்தண்ணியை மெதுவாகக் குடித்து முடித்தார். தன் வீடு இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு புவனேஸ்வரன் அருகில் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அந்த லாயர் நம்பர் இருக்கா, தம்பி?”