இலட்சியம் என்ற கட்டம்

அரசுத் தேர்வுக்கான மாலை வகுப்பின் ஜன்னலில் கடைசி வெயில் நிற்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ‘இலட்சியம்’ என்ற கட்டத்தை மட்டும் நான் இன்னும் நிரப்பவில்லை. என் நோட்டில் ஆசை, கனவு, இலட்சியம் என்று மூன்று பத்திகள். கிளார்க் வேலை ஆசைக்குக் கீழேதான் கிடக்கிறது, அதைத் தூக்கி மூன்றாவதில் வைக்கக் கூச்சம். கிங்ஸ்லி சார் படிவங்களை உரக்க வாசிக்கிறார். “கலெக்டர், கலெக்டர், கலெக்டர். ஏலே, திருநெல்வேலிக்கு ஒரு கலெக்டர்தாம்லே!” அடுத்தது, தையல் கடையிலிருந்து நேரே வந்த கரோலின் அக்காவின் படிவம், அவள் சேலையில் இன்னும் நூல் ஒட்டியிருக்கிறது. “கிளார்க் வேலை. இது லட்சியமாம்மா?” “எனக்கு இதுக்கே மூச்சு வாங்குது சார்.” யாரும் சிரிக்கவில்லை. சார் மெதுவாக டிக் அடிக்கிறார். நான் பேனாவை எடுத்துக் கட்டத்தில் ‘கிளார்க் வேலை’ என்று எழுதுகிறேன். கொஞ்சம் யோசித்து, ‘எங்கள் ஊர் ஏரலிலேயே’ என்றும் சேர்க்கிறேன்.