வழியனுப்பியவர்

"இந்தப் பொண்ணை அன்னிக்கு ரயிலேத்தி அனுப்பினதே நான்தான்."

மைக்கைப் பிடித்தபடி பெரியவர் அப்துல் வஹாப் சொன்னதும், ஆம்பூர் கல்யாண மண்டபம் கைதட்டியது.

மேடையில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தங்கை மகள் ரஃபத் ஜஹான். ராணுவ டாக்டராகச் சேர்ந்து, மேஜர் ஜெனரலாக உயர்ந்து, பெரிய ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண். ஓய்வு பெற்று ஊர் திரும்பியவருக்குத் தோல் வியாபாரிகள் எடுத்த பாராட்டு விழா அது.

முன்வரிசையில் இருந்த ரஃபத்தின் தங்கை ஹஃப்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்பிள்ளைக்குப் பட்டாளம் எதற்கென்று ரஃபத்தை அறையில் வைத்துப் பூட்டியவர் இதே மாமுதான். அம்மாதான் பூட்டை உடைத்து அனுப்பினாள். மாமுவுக்குப் பயந்து ஸ்டேஷனுக்கு ஒருவரும் போகவில்லை.

மாமு நிறுத்துவதாயில்லை. விடிந்தும் விடியாத நேரம், பெட்டியைத் தானே தூக்கி வைத்தது, ரயில் மறையும்வரை கையசைத்து நின்றது என்று சொல்லிக்கொண்டே போனார்.

ரஃபத் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பனிமலை முகாம்களில் தூக்கம் வராதபோதெல்லாம் அவர் கண்ட கனவு இதுதான். ஆம்பூர் பிளாட்பாரத்தில் தனக்காக யாரோ நின்று கையசைப்பது. முகம் மட்டும் தெரியாது. இப்போது அதற்கு மாமுவின் முகம் வந்து ஒட்டிக்கொண்டது. பொய்தான். ஆனாலும் நாற்காலிக்குக் கீழே ரயில் மெல்ல நகர்வது போலிருந்தது.

அவர் பேசும் முறை வந்தது.

"மாமு சொன்னது நிஜம். அன்னிக்கு அவர் அனுப்பலேன்னா நான் இங்க இல்லை."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மாமு மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

காரில் ஏறியதும் ஹஃப்ஸா பொறுமை இழந்தாள்.

"இன்னா ஆபா இது? அந்தப் பொய்க்கு நீயும் சாட்சி சொல்லிட்டு வர்றே. பூட்டை உடைச்சதுக்கு அம்மி பட்டதெல்லாம் மறந்துபோச்சா?"

"மறக்கலை."

வேலை முடிந்து ஷூ கம்பெனிப் பெண்கள் சாலையோரம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்தபடி ரஃபத் மெதுவாகச் சொன்னார்:

"மாமுவோட பேத்தி முபஷ்ஷிராவுக்கு நான் படிச்ச அதே ராணுவக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. அனுப்பவே மாட்டேன்னு நேத்து வரைக்கும் ஒத்தைக்கால்ல நின்னாராம். இப்ப ஊரே கேட்டாச்சு. இனிமே அவளை எப்படித் தடுப்பாரு?"