கிழிசல் மேல் ஒரு பூ

மணப்பெண்ணின் கவுன் இடுப்பிலிருந்து முட்டி வரை பிளந்து கிடந்தது. கூடத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்தாகிவிட்டது.

"கதவுக் கைப்பிடியில மாட்டிக்கிச்சாம். நல்லவேளை நீங்க இருக்கீங்க" என்று பெண்ணின் அம்மா தலையில் கை வைத்தாள்.

லேஸ் அக்கா அவளை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். தன்னைவிட மூத்தவர்களுக்கும் அவள் லேஸ் அக்காதான். இந்தக் கவுனும் அவள் தைத்ததுதான்.

பெண் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் சுருண்டிருந்தாள். லேஸ் அக்கா கவுனை மேஜையில் விரித்தாள். புதுத் துணி கசங்குமே என்று பார்க்காமல் தரையில் மண்டியிட்டாள். கிழிசலைக் கண்டதும் அவளுக்குப் பசி எடுத்ததுபோல் ஒரு சுறுசுறுப்பு.

வாயும் சேர்ந்துகொண்டது.

லேஸ் என்றால் என்ன? ஓட்டைகளைச் சுற்றி நூல் கட்டுவது, அவ்வளவுதான். ஓட்டையாலேயே ஆன துணியில் இன்னொரு ஓட்டையை எவன் கண்டுபிடிப்பான்? பலூன் கை வந்தது, போனது. கூடத்தையே பெருக்கும் வால் வந்தது, போனது. லேஸ் மட்டும் விருந்துக்கு வந்த மாமாவைப் போல, இலை எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

ஏனென்றால் அது கேள்வி கேட்காமல் மறைக்கும். முதுகில் பச்சை குத்திய பழைய காதலன் பெயர் மேல் ஒரு ரோஜா. தைக்கக் கொடுத்த பிறகு வளர்ந்த வயிற்றின் மேல் ஒரு கொடி. சபையில் எல்லோரும் "ஆகா, என்ன வேலைப்பாடு" என்பார்கள்.

கவுனின் அடி உள்மடிப்பிலிருந்து ஒரு பெரிய பூவை வெட்டினாள். பூவின் ஓரத்தில் தடித்த நூல் ஒன்று ஓடும். அதை ஒட்டி வெட்டினால் பிரியாது. அந்த நூலுக்கு அடியிலேயே தையலும் ஒளிந்துகொள்ளும். நேர்கோடாக இருந்தால் கண் பிடித்துவிடும். வளைவில் விட்டால் கண் வழி தவறிப் போகும்.

ஒரு பூ, இரண்டு இலை, மறுபடி ஒரு பூ. கிழிசல் காணாமல் போனது. கடவுளே வந்து தேடினாலும் கண்ணாடி போட வேண்டும்.

"எப்படி?" என்று நிமிர்ந்தாள்.

பெண்ணின் முகம் கவுனைவிட வெளுத்திருந்தது. "எந்தக் கிழிசலையும் விட மாட்டீங்களா?"

நூல் முடிச்சைக் கத்தரிக்க லேஸ் அக்கா கவுனை உட்புறமாகத் திருப்பினாள். அப்போதுதான் ஓரங்களைப் பார்த்தாள்.

மாட்டிக் கிழிந்த லேஸ் கண்ணிக்குக் கண்ணி தாவிக் கோணல்மாணலாகப் போகும். தடித்த நூல் அறாது. துணியோடு பிய்ந்துகொண்டு வரும். இதில் அந்த நூல் நறுக்கென்று அறுந்திருந்தது. ஓரத்தில் ஒரு பிசிறுகூட இல்லை.

இத்தனை வருடத்தில் ஓட்டையைத்தான் பார்த்திருக்கிறாள். எப்படி விழுந்தது என்று பார்த்ததே இல்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. முதலில் தான் தைத்த கவுனைப் பெண்ணே வெட்டியதற்கு. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான் உறைத்தது.

"அவர்கிட்ட தனியாப் பேசணும்னு கெஞ்சினேன். யாரும் விடல. போனையும் அம்மா வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"என்ன பேசணும்?"

"வேண்டாம்னு."

கதவு தட்டப்பட்டது. முடிந்ததா, மாப்பிள்ளை மேடையில் வந்து நிற்கிறாரே என்று பெண்ணின் அம்மா வெளியிலிருந்து பதறினாள்.

லேஸ் அக்கா கவுனை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தாள். பிறகு கத்தரிக்கோல் முனையைப் பூவுக்கு அடியில் விட்டு, தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். போட்டதைவிடப் பிரிப்பதற்கு நேரம் பிடித்தது.

"இது லேஸுக்கு அடங்கற கிழிசல் இல்ல, சம்பந்தி" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "எம் பையனைக் கொஞ்சம் உள்ள வரச் சொல்லுங்க."