வேங்கை கொடுத்தனுப்பியது

“வேங்கை மரம் குடுத்ததா? எடுத்துட்டுப் போ,” என்றது நாவல் மரத்தின் அடிக்கட்டை. அதை வெட்டி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இலை இல்லை, இலை சமைக்கும் இனிப்பும் இல்லை.

மண்ணுக்கடியில் மரங்களின் வேர்களை இணைத்து ஓடி, இனிப்பைச் சுமந்து வந்த பூஞ்சையிழை அதன் வேர்நுனியிலேயே நின்றது. “இன்னுமா கோபம் அண்ணே?”

“நாப்பது வருஷம் என் வெயிலை மறைச்சவன்.”

“இப்ப உங்களுக்கு வெயில் எதுக்கு?”

கட்டை தன் வேர்நுனியை இறுக மூடிக்கொண்டது.

“வழியில மருதும் தேக்கும் அவங்க இனிப்பையும் ஊத்தினாங்க. எல்லாம் கலந்துபோச்சு. வேங்கையோடதை மட்டும் எப்படிப் பிரிக்கிறது? குடிக்கலைன்னா இந்த மாசம் தாண்டமாட்டீங்க,” என்றது இழை.

கட்டை வேரை மெல்லத் திறந்தது. குடித்து முடித்ததும், “அவன் எப்படியிருக்கான்?” என்று கேட்டது.

“வாடிக்கிடக்கார். வேர்ல ஈரமில்லை.”

பூஞ்சை கிளம்பியபோது, தன் ஆழத்து வேரில் மிச்சமிருந்த நீரைக் கட்டை இழைக்குள் ஊற்றியது.