பதினேழாவது குப்பி

மூடியைத் திறந்ததுமே அம்மாக்காரிக்குத் தெரிந்துவிட்டது, இது ஒரு ஆளின் வாசனை.

பூவும் இல்லை, பழமும் இல்லை. சூடு, வியர்வை, ஈரத்துணி, அடியில் லேசாக வலித்தைலம். உழைக்கிற ஆள். வயதும் கொஞ்சம் ஆகியிருக்கும்.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மகள் உள்ளே போனால் அரை மணி நேரத்துக்கு வெளியே வரமாட்டாள்.

அம்மாக்காரியின் மூக்கு லேசுப்பட்டதில்லை. பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக இஸ்திரி போடுகிறாள். அறை எண் சீட்டு கழன்று விழுந்த சட்டையைக்கூட முகர்ந்து பார்த்து, இன்ன அறைக்காரருடையது என்று சொல்லிவிடுவாள். மேனேஜரே ஒருமுறை சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட மூக்குக்கு இந்த வாசனை நன்றாகப் பழகியிருந்தது. ஆள் யாரென்றுதான் பிடிபடவில்லை.

அதுதான் இன்னும் மோசம். முன்பின் தெரியாதவன் என்றால்கூடச் சமாளித்துவிடலாம். இது தினமும் பக்கத்தில் வந்துபோகிற எவனோ.

மகளுக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லை. உடுத்துவது, பூசுவது, வரைவது என்று பித்து மட்டும் மூன்று. ஜன்னல் திரை ஒருநாள் காணாமல் போய், மறுநாள் கவுனாக நடந்து வந்தது. சமையலறை ஏலக்காயெல்லாம் ஏதோ எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் அம்மாக்காரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தவள்தான்.

மேசையில் வரிசையாக, மகள் தானே கலந்து செய்த வாசனைத் தைலங்கள், பதினேழு குப்பிகள். ஒவ்வொன்றிலும் எண்ணும் பேரும் ஒட்டியிருந்தது. மழை விட்ட மொட்டைமாடி. புது நோட்டு. அப்பா பஸ்.

பதினேழில் மட்டும் பேர் இல்லை. பேர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு இதயம்.

ஓவிய நோட்டைப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே முதுகு. தொளதொளவென்று ஆம்பளைச் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்ட கைகள், ஒரு பக்கமாகச் சரிந்த வலது தோள். தலை கிடையாது. எல்லாப் படமும் கழுத்தோடு நின்றது.

முகம் தெரிந்துவிடக் கூடாது என்று எவ்வளவு கவனம்!

மேல்வீட்டுக்காரருக்கு இப்படித் தோள் சரியுமா? மருந்துக்கடைக்காரருக்கு? தெரிந்த ஆண்களையெல்லாம் மனதுக்குள் முதுகு காட்டி நிற்கவைத்துப் பார்த்தாள். கடைசியில் ஓவிய மாஸ்டரிடம் வந்து நின்றாள். உங்கள் பெண் மாதிரி உற்றுக் கவனிக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை என்று போன வாரம் குழைந்தாரே, அந்த மனுஷன். ஐம்பது வயது.

நோட்டுக்கு அடியில் ஆடை வடிவமைப்புக் கல்லூரியின் விண்ணப்பம் இருந்தது. பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நாளைக்குக் கடைசி நாள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற படிப்பு.

ஓஹோ, ஊரைவிட்டுக் கிளம்ப இவ்வளவு அவசரம் இதற்குத்தானா?

விண்ணப்பத்தை ஒரே பிடியில் கசக்கி உருட்டினாள். கிழித்தே போட்டிருப்பாள். ஆனால் நாளைக்கு அப்பாவும் மகளும் ஒன்று சேர்ந்துகொண்டு இவளைப் பொல்லாதவள் ஆக்கிவிடுவார்கள். அவரும் பார்க்கட்டும்.

காலைப் பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்த புருஷன் கூடத்தில் படுத்திருந்தார். பாதித் தூக்கம். உங்கள் செல்ல மகளின் லட்சணத்தைப் பாருங்கள் என்று சொல்லத்தான் போனாள். கை முந்திக்கொண்டது. திறந்த குப்பியை அப்படியே அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது. முகம் மெல்ல மலர்ந்தது.

"இன்னைக்கு லீவுன்னு சொன்னியே, வேலைக்குப் போயிட்டா வர்றே?" என்று கேட்டுவிட்டுப் புரண்டு படுத்தார்.

அம்மாக்காரி காலையிலேயே தலைக்குக் குளித்து, சோப்பு மணக்க மணக்கத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னால், ஆணியில் அவருடைய பழைய சட்டை தொங்கியது. இஸ்திரி போடும்போது மேலே மாட்டிக்கொள்வதற்காக அவள் எடுத்து வைத்துக்கொண்டது. நேற்று முழங்கை வரை மடித்துவிட்ட கைகள் இன்னும் மடித்தபடியே இருந்தன.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்தாள். உருட்டிய காகிதத்தைப் பிரித்து மேசையில் பரப்பி, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுத் தேய்த்தாள். எல்லாச் சுருக்கமும் போனது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஒன்று மட்டும் போவேனா என்றது.

தோளை நிமிர்த்திக்கொண்டு இன்னொரு முறை தேய்த்தாள். பெட்டி நகர நகர, வலது தோள் தானாகச் சரிந்தது.

குளியலறையில் தண்ணீர் நின்றது. அவசரமாகப் பேனாவைத் தேடினாள்.