அண்ணி சொன்ன அர்த்தம்

"அவரோட ஸ்கூட்டரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துடலாமான்னு கேட்டேன். ஓகேன்னுட்டார்" என்றாள் அண்ணன் மனைவி.

தங்கைக்குச் சுருக்கென்றது.

பக்கவாதம் வந்து பேச்சுப் போன மனிதருக்கு மிச்சமிருப்பதே அந்த ஒரு வார்த்தைதான். ஓகே. வேறெதுவும் வாயில் வராதவரிடம் இவள் சம்மதம் கேட்டாளாம், அவரும் கொடுத்தாராம்!

ஒரு காலத்தில் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொன்ன குரல் அது. எந்த வண்டி எங்கே வருகிறது என்று அவர் சொன்னால், பெட்டி மேல் தலை சாய்த்துத் தூங்குகிறவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். இப்போது ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, திரைச்சீலை உப்புவதையும் அடங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓகே" என்றார் மெல்ல.

"வெயில் கண்ணுல படுதாம்." அவள் திரையை இழுத்துவிட்டாள்.

"ஓகே, ஓகே."

"முழுசா மூட வேணாமாம். வெளியே பார்க்கணுமாம்."

"ஓகே!"

"தலையணையைத் தட்டிப் போடச் சொல்றார்."

நல்லா கதை கட்டுறா, என்று நினைத்துக்கொண்டாள் தங்கை. அவர் வாயால் இவள் பேசுகிறாள். வீடே இவள் ராஜ்ஜியம்.

முதலிலிருந்தே இவளைப் பிடிக்காது. அண்ணன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "ஸ்டேஷன்ல டீ ஆத்துறவளையெல்லாம் என்னால அண்ணின்னு கூப்பிட முடியாது" என்று நாலு பேர் முன்னால் சொன்னாள். இவள் காதுபடவேதான்.

"அப்போ என்னையும் அண்ணான்னு கூப்பிடாதே" என்றார் அவர்.

அதோடு போக்குவரத்து நின்றது. கல்யாணத்துக்கும் போகவில்லை. அண்ணனுக்குப் பேச்சே போய்விட்டது என்று காதில் விழுந்த பிறகுதான் கால் இந்தப் பக்கம் திரும்பியது.

"துணி காய்ஞ்சிருக்கும், எடுத்துட்டு வந்துடறேன். நீ பேசிட்டு இரும்மா" என்று அவள் மாடிக்குப் போனாள்.

இதுதான் சமயம் என்று தங்கை நாற்காலியை நெருக்கிப் போட்டாள்.

"அண்ணா, உன்னை நல்லா பார்த்துக்கறாளா?"

"ஓகே."

"பயந்துக்கிட்டுச் சொல்றியா?"

"ஓகே."

"அய்யோ, எதுக்குத்தான் இந்த ஓகே!"

அவருக்குச் சிரிப்பு வந்தது மாதிரி இருந்தது. பாதி முகம்தான் அசைந்தது.

மத்தியானம் தூக்கக் கலக்கம்போல அறையில் மிதந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு ரயில் ஊதிவிட்டுப் போயிற்று. அவர் விரல்கள் போர்வை மேல் தாளம்போல அசைந்தன. சின்ன வயதில் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து, போகிற மேகத்தையெல்லாம் காட்டி அவளோடு பேர் வைத்த விரல்கள். கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த கேள்விகள் எங்கேயோ கரைந்துபோயின.

"அண்ணா... அன்னிக்கு நான் பேசினதை மன்னிச்சுட்டியா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓகே."

மன்னித்துவிட்டேன் என்கிறாரா? விட்டுத் தொலை என்கிறாரா? எழுந்து போ என்கிறாரா? பிடிக்கப் பிடிக்க நழுவியது அந்த வார்த்தை.

துணிகளை அள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்ததும், தங்கை தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

"அண்ணி, அண்ணா என்ன சொல்றார்? மன்னிச்சுட்டியான்னு கேட்டேன்."

அந்த 'அண்ணி'யில் அவள் ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டுக் கட்டிலருகே குனிந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஓகே." இந்த முறை சத்தம் கொஞ்சம் கூடுதல்.

அண்ணி நிமிர்ந்தாள். "'அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு, லூசு! அடிக்கடி வந்துட்டுப் போ'ங்கிறார்."

லூசு! அண்ணன் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். தங்கைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டும்போது தலைக்கு மேலிருந்த ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது.

"ஓகே! ஓகே! ஓகே!"

கூடவே கட்டிலில் கை ஓங்கி அடிக்கிற ஓசை. அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

"தெரியுங்க" என்றது அண்ணியின் குரல், தணிவாக. "'அவளைப் போகச் சொல்லு'ன்னுதான் சொன்னீங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். கூடப் பிறந்தவ, அழுதுக்கிட்டே போகட்டும்னு விடவா? அவ பேசினது என்னையத்தானே? எனக்கே அந்தக் கோபம் ஆறிப்போச்சு, நீங்க ஏன் இன்னும் சூடு பண்ணிட்டு இருக்கீங்க? நான் சொன்னது பொய்யாயிடாம பார்த்துக்குங்க. என்ன?"

தங்கை செருப்பு வாரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். திரைச்சீலை வெளியே உப்பி, அவள் தலைமுடியைத் தொட்டுவிட்டு மறுபடி உள்ளே போயிற்று.

"ஓகே" என்றார் அண்ணன், ஒரு பெருமூச்சோடு.

மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுத் தங்கை உள்ளே நடந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா, எதையாவது விட்டுட்டியா?"

"தப்பான ஆள்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிட்டேன், அண்ணி."